எம்சிபி விழுந்துகொண்டே இருக்கிறது: மாற்ற வேண்டுமா, வேண்டாமா?

சித்திரை பிறந்தால் போதும், "எம்சிபி நிக்கவே மாட்டேங்குது, புதுசு மாத்திடலாமா?" என்ற கேள்வி வரிசை கட்டி வரும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதே கேள்வி ஆர்சிசிபியைப் பற்றி வரும். எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும், அதாவது 'விழும்' சுவிட்ச். ஆர்சிசிபி, கரண்ட் தரைக்குக் கசிந்தால் விழுவது. தமிழ்நாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழுகிற எம்சிபியைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். விழ வேண்டிய நேரத்தில் விழாமல் நிற்பதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான்.

எம்சிபி எதைப் பார்த்து விழுகிறது?

உள்ளே இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சிறு தகடு. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தகடு சூடாகி மெல்ல வளையும், ஒரு கட்டத்தில் கொக்கியைத் தட்டிவிடும். இது ஓவர்லோடுக்கு. இன்னொன்று செம்புக் கம்பிச் சுருள். ஷார்ட் சர்க்யூட் ஆனால் சுருள் காந்தமாகி, கண்ணிமைக்கும் நேரத்தில் கொக்கியை இழுத்துவிடும். கான்டாக்ட் பிரியும்போது எழும் தீப்பொறியை அணைக்க, அடுக்கடுக்காக இரும்புத் தகடுகள் வைத்த ஒரு சின்ன அறையும் உண்டு. ஜெர்மனியில் 1924-இல் ஸ்டோட்ஸ் நிறுவனம் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. நூறு வருடம் ஆகியும் அடிப்படை அப்படியேதான் இருக்கிறது.

இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். தூக்கிவிட்ட அந்த நொடியே விழுந்தால் ஷார்ட். பத்து, இருபது நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் ஓவர்லோடு, இல்லையென்றால் லூஸ் கனெக்‌ஷன்.

என் டிபி பாக்ஸில் (எம்சிபிகளை மாட்டியிருக்கும் பெட்டி) நாலைந்து வகை இருக்கிறதே, எது எது?

'டெஸ்ட்' என்றோ 'டி' என்றோ எழுதிய சின்னப் பொத்தான் இருந்தால் அது ஆர்சிசிபி. கரண்ட் தரைக்குக் கசிகிறதா என்று மட்டும் பார்க்கும். ஓவர்லோடு, ஷார்ட் எதுவும் அதற்குத் தெரியாது. பொத்தான் இல்லாமல் சி10, சி16, சி32 என்று எழுதியிருப்பவை எம்சிபி. இரண்டு வேலையும் ஒன்றிலேயே செய்வது ஆர்சிபிஓ. அதில் பொத்தானும் இருக்கும், சி16 போன்ற எண்ணும் இருக்கும். ஐசொலேட்டர் என்பது வெறும் மெயின் சுவிட்ச், தானாக விழாது. "எங்க வீட்டு மெயின் எம்சிபி ஒரு தடவைகூட விழுந்ததில்ல" என்று பெருமையாகச் சொல்பவர்கள் பலர் வீட்டில் இருப்பது ஐசொலேட்டர்தான்.

அடிக்கடி விழுகிறது. எம்சிபி கெட்டுவிட்டது என்றுதானே அர்த்தம்?

பெரும்பாலும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, நமக்குத்தான் தொந்தரவாகத் தெரிகிறது.

ஒரு சமையலறை லைனை எடுத்துக்கொள்வோம். 16 ஆம்பியர் எம்சிபி. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட்ஸ், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். மின்சாரக் கெட்டில் 1500 வாட்ஸ், 6.5 ஆம்பியர். கூடவே சட்னிக்கு 750 வாட்ஸ் மிக்ஸி, 3.3 ஆம்பியர். மூன்றும் சேர்ந்தால் 18.5. எம்சிபிக்கான தரநிலை சொல்வது இது: அதன் அளவைப்போல் 1.13 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது. 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும். 16 ஆம்பியருக்கு அந்த எல்லைகள் சுமார் 18, 23. நம் சமையலறை நிற்பது இரண்டுக்கும் நடுவில். ஒரு நாள் தாங்கும், இன்னொரு நாள் விழும். "நேத்து இதே மூணும் ஓடுச்சே" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எம்சிபி மேல் தப்பில்லை.

கோடையில் இது இன்னும் மோசமாகும். எம்சிபியை அளவு பிடிப்பது 30 டிகிரி வெப்பத்தில். மேற்குச் சுவரில், வெயில் நேராக அடிக்கிற இடத்தில், மூடிய பாக்ஸுக்குள் மே மாதம் மூன்று மணிக்கு 50 டிகிரியைத் தொடும். அங்கே அதே 16 ஆம்பியர் எம்சிபி 14 ஆம்பியர் போல நடந்துகொள்ளும். பக்கத்திலேயே ஏசி, கீசர் எம்சிபிகள் ஒட்டி நின்று சூடேற்றினால் சொல்லவே வேண்டாம்.

அப்படியானால் கோளாறு எம்சிபியில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

முதலில் அந்த லைனில் உள்ள பிளக்குகள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சுகளையும் ஆஃப் செய்துவிடுங்கள். எம்சிபியைத் தூக்குங்கள். தூக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: சில எம்சிபிகள் விழுந்த பின் குமிழ் பாதியில் நிற்கும். அதை முழுதாகக் கீழே அழுத்திவிட்டு அப்புறம் மேலே தள்ள வேண்டும். இது தெரியாமலே "ரீசெட் ஆகல" என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

நின்றால், ஒவ்வொரு சாதனமாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அதைச் சந்தேகப்படுங்கள். அதே சாதனத்தை வேறு லைனில் போட்டும் விழுந்தால் சந்தேகம் தீர்ந்தது. பழைய கீசர் காயில், அயர்ன் பாக்ஸ் ஒயர், மழைநீர் புகுந்த மாடி விளக்கு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள்.

எல்லாம் பிடுங்கியிருந்தும் நிற்கவில்லை என்றால் இரண்டே வழி. ஒயரிங்கில் ஷார்ட், அல்லது எம்சிபி போய்விட்டது. இதற்கு மேல் எலக்ட்ரீஷியன் வேலை. அவர் மெயினை ஆஃப் செய்து, அந்த எம்சிபியின் அவுட்கோயிங் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி தூக்கிப் பார்ப்பார். ஒயரே இல்லாமல் நிற்க மறுக்கும் எம்சிபியை மாற்ற வேண்டியதுதான், அதில் விவாதமே இல்லை. ஒயரைக் கழற்றியதும் நின்றால், தேட வேண்டியது சுவருக்குள்.

கொஞ்ச நேரம் ஓடி விழும் ரகத்துக்கு கிளாம்ப் மீட்டர் வேண்டும். லோடு ஓடும்போது ஒயரைச் சுற்றிப் பிடித்து கரண்ட் பார்ப்பது. 16 ஆம்பியர் எம்சிபி 9 ஆம்பியரிலேயே விழுகிறது, டெர்மினல் ஸ்குரூவும் இறுக்கமாக இருக்கிறது, பாக்ஸும் அனலாய்க் கொதிக்கவில்லை என்றால் உள்ளே அந்தத் தகடு தளர்ந்துவிட்டது. மாற்றுங்கள். மீட்டர் கொண்டுவராமல், ஒரு பார்வை பார்த்துவிட்டு "எம்சிபி வீக்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

மாற்றியே ஆக வேண்டும் என்று எதைப் பார்த்துச் சொல்லலாம்?

மூக்கு முதலில் சொல்லும். எம்சிபி, சுவிட்ச், பிளக் ஆகியவற்றின் பிளாஸ்டிக் அளவுக்கு மேல் சூடானால் கருகிய வாடைக்கு முன்பே மீன் கவுச்சி போல ஒரு வாடை வரும். வீட்டில் கருவாடு வறுக்காத நாளில் பாக்ஸ் பக்கம் கருவாட்டு வாடை அடித்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து கண். வெள்ளை உடம்பு டெர்மினல் பக்கம் பழுப்பாகியிருந்தாலோ, உருகிச் சுருங்கியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ அது முடிந்த கதை. குமிழ் லொடலொடவென்று ஆடுவது, 'டக்' என்ற பிடிப்பு இல்லாமல் வழவழவென்று மேலே போவது, ஆன் நிலையில் இருந்தும் லைனில் கரண்ட் வராதது, விளக்கு மினுக்குவது, பாக்ஸிலிருந்து 'கிர்ர்' என்றோ 'சடசட' என்றோ சத்தம் வருவது எல்லாமே கான்டாக்ட் தேய்ந்ததற்கோ டெர்மினல் தளர்ந்ததற்கோ அடையாளம். ஏசிக்கான டபுள் போல் எம்சிபியில் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது) ஒரு பக்கக் கான்டாக்ட் மட்டும் போய், வோல்டேஜ் குறைவாகக் காட்டுவதும் நடக்கும். இபியைத் திட்டிக்கொண்டிருப்போம், கோளாறு நம் பாக்ஸில் இருக்கும்.

தாம்பரம் பக்கம் ஒரு ஃபிளாட்டில் ஏசி எம்சிபி மாதம் ஒரு தடவை விழுகிறது என்று கூப்பிட்டார்கள். மூடியைக் கழற்றினால், ஒரே டெர்மினலில் இரண்டு ஒயர். ஒன்று 4 ஸ்கொயர் எம்எம், ஏசிக்குப் போவது. இன்னொன்று 1.5, யாரோ பின்னால் பால்கனி விளக்குக்கு இழுத்தது. ஸ்குரூ மெல்லிய ஒயரின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. தடித்த ஒயர் விரலால் தொட்டாலே ஆடியது. அதன் முனை ஒரு அங்குலத்துக்குக் கறுத்து, மேலுறை சுருங்கிப் பின்வாங்கியிருந்தது. "தம்பி, பேசாம 32 போட்டு விட்டுடுங்க, விழவே விழாது" என்றார் வீட்டுக்காரர். அந்த எம்சிபியை மாற்றத்தான் வேண்டியிருந்தது, ஏனென்றால் லூஸ் கனெக்‌ஷனின் சூட்டில் அதன் உள்தகடு கெட்டுப்போயிருக்கும். ஆனால் கறுத்த செம்பை வெட்டி எறிந்து, பளபளப்பான இடம் வரை போய், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக மூடி) போட்டு இறுக்காமல் புதிய எம்சிபி மட்டும் மாட்டியிருந்தால் அடுத்த கோடையில் அதுவும் கருகியிருக்கும்.

தொட்டால் சூடாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வெதுவெதுப்பு சகஜம். ஏசி, கீசர் ஓடும்போது எம்சிபிக்குள் சில வாட்ஸ் வெப்பமாகப் போகும். கையை வைத்து எடுக்கத் தோன்றும் அளவு சூடு என்றால் சகஜமில்லை. பக்கத்தில் அதே அளவு லோடு ஓடுகிற எம்சிபியோடு ஒப்பிடுவது நல்ல வழி. ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் டெர்மினலைப் பாருங்கள். மூடி போட்டிருக்கும்போது முன்பக்கத்தை மட்டும், உலர்ந்த புறங்கையால் தொடுங்கள். மூடி இல்லாத பாக்ஸில் தொடவே வேண்டாம்.

16 எடுத்துவிட்டு 25 அல்லது 32 போட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்கிறார்களே?

விழுவது தீரும். அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் சூடாகும்.

எம்சிபி காப்பாற்றுவது ஏசியையோ மிக்ஸியையோ இல்லை, ஒயரை. 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயருக்கு 10, 2.5-க்கு 16, 4-க்கு 20 முதல் 25 என்பது வீடுகளில் பொதுவாக வைக்கும் அளவு. 2.5 ஒயரில் 32 ஆம்பியர் எம்சிபியை மாட்டினால், 30 ஆம்பியர் ஓடினாலும் எம்சிபி சும்மாதான் இருக்கும். குழாய்க்குள் நாலைந்து ஒயர்களோடு நெருங்கிக் கிடக்கும் அந்த 2.5 சும்மா இருக்காது. மேலுறை இறுகி, வெடித்து, ஒரு நாள் ஷார்ட் ஆகும். பல வீடுகளில் ஏசி வந்த கையோடு ஏற்கெனவே இருந்த பவர் பிளக் லைனிலேயே மாட்டி, எம்சிபியை மட்டும் பெரிதாக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி நடந்ததா என்று தெரிய வேண்டுமானால், எம்சிபியிலிருந்து கிளம்பும் ஒயரின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைப் படிக்கச் சொல்லுங்கள். ஆம்பியர் கூட வேண்டுமென்றால் பாக்ஸிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும். செலவுதான், சுவர் உடைப்புதான். குறுக்கு வழி கிடையாது.

குமிழை டேப் ஒட்டி நிறுத்திவிட்டால்?

ஒரு பயனும் இல்லை. குமிழை மேலே பிடித்துக்கொண்டே இருந்தாலும் உள்ளே கான்டாக்ட் பிரிந்துவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். டேப்பைப் பார்த்தால் ஒன்றுதான் புரியும், அந்த லைனில் கோளாறு இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எம்சிபிக்கு ஆயுள் எத்தனை வருடம்?

மாத்திரை அட்டை மாதிரி காலாவதித் தேதி எதுவும் கிடையாது. காய்ந்த சுவரில், மிதமான லோடில், யாரும் தொந்தரவு செய்யாமல் இருக்கும் எம்சிபி இருபது வருடம் தாண்டியும் நன்றாக இருக்கும். உப்புக்காற்று வீசும் கடலோர வீட்டில் டெர்மினல் ஸ்குரூ சில வருடங்களிலேயே பச்சை பூத்துவிடும்.

வருடத்தைவிட எத்தனை தடவை போட்டு அணைத்தீர்கள் என்பது முக்கியம். ஓடும் கரண்டோடு 4,000 தடவை போட்டு அணைத்தால் தாங்குகிறதா என்பதுதான் தரச்சோதனை. போர் மோட்டாரை காலையும் மாலையும் எம்சிபியால் ஆன், ஆஃப் செய்யும் வீடுகள் ஏராளம். ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்றால் ஐந்தரை வருடத்தில் 4,000 வந்துவிடும். அதுவும் மோட்டார், சாதாரணமாக ஓடும்போது இழுக்கும் கரண்டைப்போல் ஐந்தாறு மடங்கு கிளம்பும்போது இழுக்கும். மோட்டாருக்கு ஸ்டார்டர் பேனல் வைத்துக்கொள்ளுங்கள். கீசருக்கும் அப்படித்தான், பக்கத்தில் சுவிட்ச் இருக்க எம்சிபியை எதற்குத் தட்ட வேண்டும்?

பெரிய ஷார்ட் ஒன்றைத் தடுத்து நிறுத்திய எம்சிபியையும் கணக்கில் வையுங்கள். 'படார்' என்ற சத்தத்தோடு விழுந்தது, பாக்ஸில் கருகல் வாடை வந்தது என்றால், மறுபடி நின்றாலும் உள்ளே கான்டாக்ட் குழி விழுந்திருக்கும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீடுகளில் ஷார்ட் கரண்ட் அதிகம், அங்கே நான் யோசிக்காமல் மாற்றச் சொல்வேன். சில நூறு ரூபாய்ப் பொருள்தான்.

வெள்ளத்தில் பாக்ஸ் மூழ்கிவிட்டது. காயவைத்துப் பயன்படுத்தலாமா?

கூடாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதம் திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கமும் தரைத்தளத்தில் பாக்ஸ் வரை தண்ணீர் ஏறிய வீடுகள் நிறைய. வெயிலில் வைத்து, ஹேர் டிரையர் அடித்து, தூக்கிப் பார்த்தால் எம்சிபி நிற்கும். நின்றுவிட்டதே என்று விட்டுவிடுவார்கள். சேற்று நீர் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கிலும் கொக்கியிலும் படிந்து துருவேறும். அப்புறம் விழ வேண்டிய நாளில் விழாது. மூழ்கிய எம்சிபி, ஆர்சிசிபி, ஐசொலேட்டர் எதுவானாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஒயரின் இன்சுலேஷனை மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) பார்த்த பிறகே லைன் கொடுக்கச் சொல்லுங்கள். மறுபடி மாட்டும்போது பாக்ஸை நெஞ்சளவுக்கு மேல் ஏற்றிவிடுங்கள்.

ஆர்சிசிபி நன்றாக இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

கரண்ட் இருக்கும்போது டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள், தள்ளிப்போட வேண்டாம். மாதம் ஒரு தடவை அழுத்துவது நல்லது. இபி பில் கட்டும் நாளில் செய்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். அழுத்தாமலே வருடக்கணக்காக விட்டால் உள்ளே கொக்கி இறுகிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கசிவு வந்தாலும் அசையாது.

பவர் கட் நேரத்தில் அழுத்திவிட்டு "விழல, போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள், வெளியிலிருந்து கரண்ட் வந்தால்தான் அந்தச் சோதனை வேலை செய்யும். இன்னொன்று, பொத்தான் சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

வீட்டுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபிதான் வேண்டும். 100, 300 என்று எழுதியது உயிரைக் காப்பாற்றாது. தொல்லை இல்லாமல் இருக்கட்டும் என்று 100 போட்டுத்தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எல்லா எம்சிபியையும் ஆஃப் செய்துவிட்டேன். அப்படியும் ஆர்சிசிபி விழுகிறது. கெட்டுவிட்டதுதானே?

அவசரப்படாதீர்கள். நம் வீடுகளில் எம்சிபி பெரும்பாலும் சிங்கிள் போல். அது ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எப்போதும் இணைந்தேதான் இருக்கும். எங்கேயோ ஒரு ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரலும் எர்த்தும் உரசினால், ஈரச் சுவர் வழியாகத் தொட்டுக்கொண்டால், எம்சிபிகள் எல்லாம் ஆஃபில் இருந்தாலும் ஆர்சிசிபி விழலாம். மழைக்காலத்தில் விழுந்து, வெயில் வந்ததும் தானாகச் சரியாவது பெரும்பாலும் இதுதான். எலக்ட்ரீஷியன் நியூட்ரல் கட்டையிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எந்த லைன் என்று பிடிபட்டுவிடும். ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள ஒயர் அத்தனையும் கழற்றிய பிறகும் விழுந்தால் அதை மாற்றுங்கள். அதுவரை அது நிரபராதி.

எளிதான வழி என்று ஆர்சிசிபியை பைபாஸ் செய்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாக்ஸில் ஆர்சிசிபி கம்பீரமாக நிற்கும், ஒயர் அதைத் தொடாமல் சுற்றிப் போகும். டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒயர் எதுவும் மாட்டவில்லை என்றால் விழாது. விழுந்தாலும் வீட்டில் விளக்கு அணையவில்லை என்றால் விஷயம் வெளியே வந்துவிடும்.

இன்வெர்ட்டர் மாட்டிய நாளிலிருந்து ஆர்சிசிபி நிற்கவில்லை.

நியூட்ரலைத் தப்பாகச் சேர்த்திருப்பார்கள். ஆர்சிசிபி வழியாகப் போகும் ஃபேஸ் கரண்டும் திரும்பி வரும் நியூட்ரல் கரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஆர்சிசிபிக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்தால் கணக்கு உதைக்கும், அது விழும். இன்வெர்ட்டர்காரரையே திரும்பக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபியை மாற்றி ஒரு பைசா செலவழிக்க வேண்டாம்.

எனக்கு ஷாக் அடித்தது, எம்சிபி விழவில்லை. வோல்டேஜ் எகிறி டிவி போனபோதும் விழவில்லை. வீணான எம்சிபியா?

இரண்டுமே அதன் வேலை இல்லை. உடம்பு வழியாகப் பாய்ந்து உயிரை எடுக்க ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. 6 ஆம்பியர் எம்சிபி அதைக் கவனிக்கவே கவனிக்காது. அதற்குத்தான் ஆர்சிசிபி. வீட்டில் ஆர்சிசிபி இல்லையென்றால், இந்தப் பக்கத்தைப் படித்து நீங்கள் செய்யும் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

டிவி போனதற்குக் காரணம் பெரும்பாலும் நியூட்ரல் அறுந்தது. த்ரீ ஃபேஸில் நியூட்ரல் விட்டுப்போனால் 230 வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறும். எம்சிபி வோல்டேஜை அளப்பதில்லை. ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர் என்று தனியாகக் கிடைக்கிறது, அதே பாக்ஸில் மாட்டலாம்.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது முன்பக்கத்தை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பியர் மட்டும் போதாது, முன்னால் இருக்கும் எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். பி வகை மூன்று முதல் ஐந்து மடங்கு கரண்டில் உடனே விழும், சி ஐந்து முதல் பத்து, டி பத்து முதல் இருபது. வீட்டில் பெரும்பாலும் சி போதும். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் விழுகிறது என்று பார்த்தால் அங்கே பி மாட்டியிருப்பதும் உண்டு. கட்டத்துக்குள் 10000 என்று இருந்தால், பத்தாயிரம் ஆம்பியர் ஷார்ட் வரை அது தாங்கித் துண்டிக்கும் என்று பொருள்.

ஐஎஸ்ஐ முத்திரையும் அதோடு சிஎம்/எல் என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்தது என்று காட்டும். கையில் தூக்கினாலே போலி பல நேரம் இலேசாக இருக்கும், ஆனால் எடையை மட்டும் நம்ப முடியாது, எண்ணைப் பாருங்கள், பில் வாங்குங்கள். முடிந்தவரை பாக்ஸில் இருக்கும் அதே கம்பெனி வாங்குவது நல்லது. எம்சிபியை மாட்டும் உலோகப் பட்டையில் (ரயில்) எல்லாம் உட்காரும், எம்சிபிகளுக்கு வரிசையாகக் கரண்ட் கொடுக்கும் செம்புப் பட்டையின் (பஸ்பார்) பல் மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். சரியாக உட்காராத பல்லில் ஸ்குரூ இறுக்கினால் லூஸ் கனெக்‌ஷனைக் காசு கொடுத்து வாங்கிய மாதிரி.

நானே மாற்றலாமா?

வேண்டாம். மெயினை ஆஃப் செய்தாலும் அதன் மேல் டெர்மினலில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும், அது இபி மீட்டரிலிருந்து நேராக வருவது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயின் ஆஃப் ஆனதும் அது கிளம்பி, செத்த லைன் என்று நினைத்ததை உயிர்ப்பித்துவிடும். சோலார் இருந்தால் இன்னும் ஒரு வழி. கம்பியாளர் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று மூன்று விஷயம் பாருங்கள். வேலைக்கு முன் டெஸ்டர் வைத்துப் பார்க்கிறாரா? ஒயர் முனை பளபளப்பாக இருக்கிறதா? இறுக்கியபின் ஒயரை இழுத்துப் பார்க்கிறாரா?

வீட்டில் இன்னும் பழைய பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். எம்சிபிக்கு மாற வேண்டுமா?

சரியான ஃபியூஸ் கம்பி போட்டால் ஃபியூஸும் நல்ல காவல்தான். நடப்பது அதுவல்ல. ஃபியூஸ் போன இருட்டில் கையில் கிடைத்த செம்பு நூலை இரண்டு மூன்று இழை சுற்றிவிடுவோம், அது எதற்கும் போகாது. மாறுங்கள். ஆனால் அந்தக் காலத்து ஒயரிங்கை அப்படியே வைத்துக்கொண்டு பாக்ஸை மட்டும் புதிதாக்குவது அரைகுறை வேலை. முதலில் ஒயரை மெக்கரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இபியைக் கூப்பிட வேண்டியது எப்போது?

மீட்டர் வரையிலும் அவர்கள் பொறுப்பு, அதற்குப் பின் நம்முடையது. மீட்டர் பக்கம் கருகல் வாடை, சர்வீஸ் ஒயரில் தீப்பொறி, தெரு முழுக்க விளக்கு மங்கிப் பிரகாசிப்பது என்றால் இபியின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குக் கூப்பிடுங்கள், சர்வீஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு. சீல் வைத்த எதையும் நம் எலக்ட்ரீஷியனை விட்டுத் திறக்க வைக்காதீர்கள். மெயின் எம்சிபியையே மாற்ற வேண்டியிருந்தால் மீட்டருக்கு முன்னால் உள்ள ஃபியூஸை லைன்மேன் வந்து எடுத்துக் கொடுத்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். அரை நாள் கரண்ட் இருக்காது, ஃபிரிட்ஜில் இருக்கும் மாவை முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.